வால்வை மூடினால் குழாய் உடையுமா? நீரோட்டமும் உலோக முறிவும் கணக்கிட முதன்முறை இறங்குபவர்களுக்கு

எம்.இ. கடைசி வருடத்தில் நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. பம்ப் லைனில் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைச் சட்டென்று மூடினால், ஏற்கெனவே விரிசல் உள்ள இரும்புக் குழாய் தாங்குமா? பாதி திரவ ஓட்டம், பாதி உலோக முறிவு. பத்து மாதம் கையில் இருந்தது. அதில் முதல் நான்கு மாதம் வண்ணப் படங்கள் வந்துகொண்டே இருந்தன, நம்பத்தக்க ஓர் எண்கூட வரவில்லை. பாடம் படித்திருந்தேன், சமன்பாடுகள் தெரியும். எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருக்க வேண்டிவரும் என்பது தெரியவில்லை. எந்த வரிசையில் செய்திருந்தால் அந்த நான்கு மாதம் மிச்சமாகியிருக்குமோ, அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். உங்கள் கேள்வி வேறாக இருந்தாலும் வரிசை அநேகமாக இதேதான்.

1. கேள்வியை எண்களோடு எழுதுங்கள்

“குழாயில் ஓட்டமும் முறிவும் பற்றிய ஆய்வு” என்பது தலைப்பு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார முடியாது. நான் கடைசியில் எழுதி வைத்தது இது: வெளிவிட்டம் 114.3 மி.மீ., சுவர் கனம் 4.5 மி.மீ., நீளம் 200 மீட்டர், நீரின் வேகம் நொடிக்கு 2 மீட்டர், வால்வு அருகே வழக்கமான அழுத்தம் 5 பார், குழாயின் நீளவாக்கில் 2 மி.மீ. ஆழ விரிசல். வால்வு மூடினால் அந்த விரிசல் வளருமா?

இந்த எண்களில் இரண்டை நேரில் அளந்தே ஆகவேண்டும். ஒன்று சுவர் கனம். பழைய குழாயில் துரு தின்றது போக என்ன மிச்சம் என்று அல்ட்ராசோனிக் கேஜ் வைத்துப் பாருங்கள். பட்டியலில் உள்ள கனத்தை நம்பாதீர்கள். இன்னொன்று வால்வு மூடும் நேரம். செல்போனில் வீடியோ எடுத்து எண்ணலாம். ஆனால் கேட் வால்வில் ஒரு பொறி உண்டு. சக்கரத்தைச் சுற்ற ஐந்து நொடி ஆனாலும், ஓட்டம் பெரும்பாலும் கடைசிச் சில சுற்றுகளில்தான் குறைகிறது. கணக்குக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பகுதியின் நேரம்.

2. சாப்ட்வேரைத் திறக்கும் முன் கையால் போடுங்கள்

இதற்கு அரை நாள் போதும். நான் இதை ஐந்தாவது மாதத்தில்தான் செய்தேன்.

குழாயில் அழுத்த அலை ஓடும் வேகம்: தண்ணீரின் பருமக் குணகம் (அமுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு) 2.2 கிகாபாஸ்கல், எஃகின் யங் குணகம் (இழுவையை எதிர்க்கும் விறைப்பு) 200 கிகாபாஸ்கல், உள்விட்டத்தைக் கனத்தால் வகுத்தால் 23.4. சுவர் சற்று விரிந்துகொடுப்பதால் அலை கொஞ்சம் மெதுவாகி நொடிக்குச் சுமார் 1,320 மீட்டர் வருகிறது. அழுத்த ஏற்றம் என்பது அடர்த்தி, அலைவேகம், ஓட்ட வேகத்தின் மாற்றம் இவை மூன்றின் பெருக்கல்: 1,000 × 1,320 × 2. அதாவது 2.64 மெகாபாஸ்கல், 26 பாருக்கும் மேல். ஏற்கெனவே இருந்த 5 பாரைக் கூட்டினால் 3.14 மெகாபாஸ்கல்.

இந்த முழு ஏற்றமும் வருமா என்பதை மூடும் நேரம் சொல்லும். அலை மறுமுனைக்குப் போய்த் திரும்ப 400-ஐ 1,320-ஆல் வகுத்தால் 0.3 நொடி. அதற்குள் மூடினால் முழு அடி விழும். பல நொடிகள் எடுத்து மூடினால் வெகுவாகக் குறையும்.

குழாய்ச் சுவரில் வளைய இழுவிசைத் தகைவு, அதாவது அழுத்தம் சுவரைச் சுற்றுவட்டமாக இழுப்பதால் ஒரு பரப்பலகில் வரும் விசை: அழுத்தம் × உள்விட்டம் ÷ கனத்தின் இருமடங்கு. ஏறக்குறைய 37 மெகாபாஸ்கல். அடுத்தது விரிசல் நுனியின் தகைவுச் செறிவுக் காரணி (ஸ்ட்ரெஸ் இன்டென்சிட்டி ஃபேக்டர்), நுனியைச் சுற்றித் தகைவு எவ்வளவு குவிகிறது என்பதன் அளவு, இனி சுருக்கமாகக் ‘கே’. விளிம்பு விரிசலுக்கு 1.12 × தகைவு × √(பை × ஆழம்). ஆழத்தை மீட்டரில் போட்டால் 3.3 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர். ஆனால் 1.12 என்பது சுவரைவிட மிகச் சிறிய விரிசலுக்கு மட்டும். 4.5-இல் 2 என்றால் கிட்டத்தட்டப் பாதிச் சுவர் போய்விட்டது. தடையின்றி வளையும் தட்டுக்கு அந்தக் காரணி 2.4 வரை ஏறும், கே 7 ஆகும். குழாயின் சுவர் அவ்வளவு தாராளமாக வளையாது, ஆகவே உண்மை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே. விரிசல் உள்பக்கம் இருந்தால் தண்ணீர் அதற்குள்ளும் புகுந்து இரு முகங்களையும் தள்ளும், அப்போது 37-உடன் அந்த 3 மெகாபாஸ்கலையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சாதாரண மைல்டு ஸ்டீல் உடைவதற்கு அறை வெப்பநிலையில் இதைப்போலப் பல மடங்கு கே வேண்டும். எனவே ஒரே அடியில் குழாய் உடையாது. என் கேள்வி ‘உடையுமா’ என்பதிலிருந்து ‘பலமுறை மூடினால் விரிசல் வளருமா’ என்று மாறியது இந்த அரை நாளில்தான். அதற்கு முன் நான்கு மாதம் திடீர் முறிவுக்கான மாடலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

3. காகிதங்களையும் லேபையும் உடனே தொடங்குங்கள்

கணக்குப் பாதியில் நிற்கும்போது லேபுக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். நம் வேகத்தில் நடக்காத ஒரே படி இதுதான். முதல் மாதமே தொடங்கிவிடுங்கள்.

முதலில் குழாயின் டெஸ்ட் சர்டிபிகேட். கடைக்காரரிடம் கேட்கும்போதே “3.1 சர்டிபிகேட்” என்று கேளுங்கள். அது நீங்கள் வாங்கும் அதே தொகுப்பைச் சோதித்த முடிவு. 2.2 என்பது பொதுவான உற்பத்தியிலிருந்து எடுத்த முடிவு, ஆய்வுக்கு உதவாது. சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் (எஃகை உருக்கிய தொகுப்பின் எண்) குழாய் மேல் உள்ள நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே சரிபார்த்து இரண்டையும் படம் எடுங்கள். வெட்டிய துண்டில் நம்பர் இருக்காது. ஐ.எஸ். 1239 குழாய் என்றால் வண்ணப் பட்டையையும் பாருங்கள்: மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. 100 மி.மீ. மீடியத்துக்குத்தான் 4.5 மி.மீ. கனம்.

அடுத்து இழுவிசைச் சோதனை. லேபைத் தேர்ந்தெடுக்கும்போது என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டா என்று கேட்டால் மட்டும் போதாது. அங்கீகாரத்தின் ஸ்கோப்பில் நீங்கள் கேட்கும் சோதனை இருக்கிறதா என்று என்.ஏ.பி.எல். இணையதளத்தில் பாருங்கள். விலை கேட்டு மின்னஞ்சல் அனுப்பும்போது இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

சோதனைத் துண்டை மெஷினிங் செய்வது கட்டணத்தில் அடங்குமா, தனியா? பெரும்பாலும் தனி. வயர் கட் செய்தால் அதுவும் தனி. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததா? எக்ஸ்டென்சோமீட்டர் (துண்டின் நீட்சியை நேரடியாக அளக்கும் கருவி) மாட்டுவார்களா? எண்களின் முழுப் பட்டியலை எக்செல் கோப்பாகத் தருவார்களா?

கடைசி இரண்டும் மிக முக்கியம். எனக்கு ஒரு லேபில் கிடைத்தது ஒரு பக்க பி.டி.எஃப். அதில் மூன்று எண்களும் தபால்தலை அளவில் ஒரு வரைபடமும் இருந்தன. மூல எண்கள் கேட்டபோது அழித்துவிட்டோம் என்றார்கள். திரும்பக் காசு கொடுத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. எக்ஸ்டென்சோமீட்டர் இல்லாமல் மெஷினின் தாடை நகர்வை வைத்துத் திரிபு (நீட்சி விகிதம்) கணக்கிட்டால் மெஷினின் வளைவும் பிடியின் வழுக்கலும் அதில் சேர்ந்துவிடும், யங் குணகம் படுமோசமாக வரும். குறைந்தது மூன்று துண்டுகள் கொடுங்கள். ஒன்று பிடியருகே அறுந்துவிட்டால் அது கணக்கில் சேராது.

மூன்றாவது, முறிவை எதிர்க்கும் திறன், ஃபிராக்சர் டஃப்னெஸ். புதியவர்கள் அநேகமாக எல்லாரும் ‘கே-ஒன்-சி சோதனை’ என்று கேட்டுப் போகிறோம். அதற்கு ஒரு கன நிபந்தனை உண்டு: டஃப்னெஸ்ஸை ஈல்டு தகைவால் (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) வகுத்து, வர்க்கப்படுத்தி, 2.5-ஆல் பெருக்கிய அளவுக்குக் குறையாத கனம் வேண்டும். டஃப்னெஸ் 100, ஈல்டு 250 என்று வைத்துப் பாருங்கள். 0.4 மீட்டர் வருகிறது. நம் சுவர் 4.5 மி.மீ. ஆகவே அந்தச் சோதனை இந்தக் குழாய்க்கு இல்லை. உயர்வலிமை அலுமினியத்தில், டஃப்னெஸ் 27, ஈல்டு 500 என்றால், 7 மி.மீ. சொச்சம் போதும். அதனால்தான் பாடப்புத்தகக் கணக்குகளில் அலுமினியம் அடிக்கடி வருகிறது. மெல்லிய மைல்டு ஸ்டீலுக்குக் கேட்க வேண்டியது ஏ.எஸ்.டி.எம். ஈ1820 முறையிலான ஜே சோதனை, உலோகம் நிரந்தரமாக உருமாறி முறிவதையும் கணக்கில் எடுப்பது. அதற்குப் பணமில்லை என்றால் சார்ப்பி தாக்கச் சோதனை செய்து, மாற்றிப் பெறும் மதிப்பு தோராயம் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். முழு அளவு சார்ப்பித் துண்டு 10 × 10 × 55 மி.மீ. இந்தக் குழாயிலிருந்து அது வராது, 2.5 மி.மீ. கனமுள்ள சிறு துண்டுதான் வரும். அதை லேபிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

என் கேள்வி விரிசல் வளர்ச்சியாக மாறிவிட்டதால் ஜே சோதனைக்கான செலவை நான் தவிர்த்தேன். இரண்டாம் படியை முடித்துவிட்டு லேபுக்குப் போங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

4. ஓட்டத்துக்கு எந்த முறை?

நான் செய்த பெரிய தவறு இங்கே. ஓபன்ஃபோம் என்ற ஓட்டக் கணக்கு சாப்ட்வேரைக் கற்றேன், குழாயை முப்பரிமாணத்தில் வரைந்தேன், வால்வை மூடினேன். அலை வரவே இல்லை. வழக்கமாக முதலில் கற்றுத்தரும் சால்வர்கள் (சமன்பாடுகளைத் தீர்க்கும் புரோகிராம்கள்) தண்ணீரை அமுக்க முடியாத திரவமாகக் கொள்கின்றன. அமுக்க முடியாத திரவத்தில் அழுத்தம் எல்லா இடத்துக்கும் அதே கணத்தில் போய்ச் சேரும், அலைக்கு அங்கே இடமே இல்லை. மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகக் குழாயைப் பிரிக்கும் கட்டங்களை, எவ்வளவு நுணுக்கினாலும் வராது.

200 மீட்டர் நீளம், 10 செ.மீ. விட்டம். இதற்கு ஒருபரிமாணமே சரி. முறையின் பெயர் சிறப்பியல்புக் கோடுகள் முறை, ஆங்கிலச் சுருக்கத்தில் எம்.ஓ.சி. பைத்தானில் நூறு வரிக்குள் எழுதலாம். குழாயை 100 துண்டாக்குங்கள், ஒவ்வொன்றும் 2 மீட்டர். நேரப்படி என்பது 2-ஐ அலைவேகத்தால் வகுத்தது, சுமார் 0.0015 நொடி. 2 நொடிக்கு 1,320 படிகள். பழைய லேப்டாப்பிலேயே கண்மூடித் திறப்பதற்குள் முடியும்.

முதல் சோதனை: உராய்வைப் பூஜ்யமாக்கி, வால்வை ஒரே படியில் மூடுங்கள். வால்வில் ஏற்றம் சரியாக 2.64 மெகாபாஸ்கல் வரவேண்டும், 0.3 நொடி அப்படியே நிற்கவேண்டும். 2.5 வந்தால் தோராயம் என்று விட்டுவிடாதீர்கள், புரோகிராமில் பிழை இருக்கிறது.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. அலை திரும்பி வந்ததும் அழுத்தம் அதே அளவு கீழே இறங்கும். 5 பாரிலிருந்து 26 பார் இறங்கினால் கணினி மைனஸ் 21 பார் என்று காட்டும். குழாய்த் தண்ணீர் அப்படி இருக்காது. ஆவி அழுத்தத்துக்கு இறங்கியதும் அங்கே நீராவிக் குழி உருவாகி நீர்த்தூண் பிரியும், மறுபடி மூடும்போது இன்னோர் அடி விழும். சில சமயம் அது முதல் அடியைவிடப் பெரியது. எனவே ஒவ்வொரு கணுவிலும் (துண்டுகள் சேரும் புள்ளியிலும்) அழுத்தம் ஆவி அழுத்தத்துக்குக் கீழே போகாமல் தடுத்து, குழியின் கொள்ளளவைத் தனியாகக் கணக்கு வைக்கும் மாடலைச் சேர்க்க வேண்டும். எனக்கு அதற்கு மூன்று வாரம் ஆனது. மேலும், நிலையான உராய்வை மட்டும் வைத்தால் அலைகள் நிஜத்தைவிட மெதுவாக அடங்கும். விரிசல் வளர்ச்சிக்குச் சுற்றுகளை எண்ணும்போது இது கணக்கைக் கூட்டிக் காட்டும்.

5. முப்பரிமாண ஓட்டம் உண்மையிலேயே தேவை என்றால்

வால்வின் உள்ளே ஓட்டம் எப்படித் திரும்புகிறது என்பது போன்ற கேள்விக்கு ஓபன்ஃபோம் சரியான கருவி. இலவசம். விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வழியாக ஓடும். கோப்புகளை லினக்ஸ் பக்கத்து ஃபோல்டரில் வையுங்கள், சி டிரைவில் வைத்தால் மிக மெதுவாகும். ஐ.ஐ.டி. பாம்பேயின் ஃபாஸி திட்டத்தில் இலவசப் பயிற்சிகள் உண்டு.

ஓபன்ஃபோமில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்றின் பதிப்பு எண் 11, 12 என்று போகும், மற்றது வி2312, வி2406 என்று போகும். ஒன்றுக்கு எழுதிய கேஸ் மற்றதில் ஓடாமல் போகலாம். பாகுநிலையை எழுதும் கோப்பின் பெயரே இப்போது இரண்டிலும் வேறு. பயிற்சி எந்தக் கிளைக்கு என்று பார்த்துவிட்டு அதையே நிறுவுங்கள்.

முதல் பயிற்சியாக வரும் கேவிட்டி கேஸ், அதாவது மூடி நகரும் சதுரப்பெட்டி, ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம்) 10-இல் இருக்கிறது. பாகுநிலையை 0.01-லிருந்து 0.001 ஆக்கினால் 100 ஆகும். முடிவு நேரத்தை 0.5 நொடியிலிருந்து 5 நொடிக்கு நீட்டுங்கள், இல்லையென்றால் ஓட்டம் நிலைபெறாது. நடுச் செங்குத்துக்கோட்டில் கிடைவேகத்தின் மிகக் குறைந்த மதிப்பு மூடியின் வேகத்தில் மைனஸ் 0.21 பங்கு வரவேண்டும். 1982-இல் வெளியான கியா குழுவினரின் அட்டவணை மதிப்பு மைனஸ் 0.2109. 20 × 20, 40 × 40, 80 × 80 என்று மூன்று மெஷ்களில் ஓட்டி எண் எப்படி நெருங்குகிறது என்று குறித்துவையுங்கள். மெஷ்ஷைப் பாதியாக்கும்போது நேரப்படியையும் பாதியாக்க வேண்டும், கூரன்ட் எண் (ஒரு நேரப்படியில் ஓட்டம் எத்தனை செல் கடக்கிறது என்பது) 1-ஐத் தாண்டக்கூடாது. இருபரிமாணத்தில் ஒவ்வொரு முறையும் வேலை எட்டு மடங்கு, முப்பரிமாணத்தில் பதினாறு மடங்கு. இன்று ஒரு மணி நேரம் ஓடியது நாளை பதினாறு மணி நேரம் ஓடும் என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

6. விரிசலைச் சுற்றி

பொருளைச் சிறு உறுப்புகளாகப் பிரித்துத் தகைவைக் கணக்கிடும் வரம்புறு உறுப்பு முறைக்கு (ஃபைனைட் எலிமென்ட்) இலவசமாகக் கால்குலிக்ஸ், கோட் ஆஸ்டர் இரண்டும் உண்டு. விண்டோஸில் பழக எளிது பிரீபோமேக்ஸ், அதன் உள்ளே ஓடுவது கால்குலிக்ஸ். ஜே தொகையீடு (விரிசல் வளரக் கிடைக்கும் ஆற்றலின் அளவு) நேரடியாக வேண்டுமானால் கோட் ஆஸ்டர். வணிக சாப்ட்வேர்களின் மாணவர் பதிப்பில் கணுக்களுக்கு உச்சவரம்பு இருக்கும். விரிசல் மெஷ் அந்த வரம்பைச் சீக்கிரம் தின்றுவிடும், தொடங்கும் முன் பாருங்கள்.

விரிசல் நுனியின் உச்சத் தகைவை ஒருபோதும் முடிவாக எழுதாதீர்கள். நேரியல் மீட்சிக் கோட்பாட்டில் அங்கே தகைவுக்கு எல்லையே இல்லை. மெஷ்ஷைப் பாதியாக்கினால் எண் ஏறும், இன்னும் பாதியாக்கினால் இன்னும் ஏறும். ரிவ்யூவில் நான் 900 மெகாபாஸ்கல் என்று காட்டி, அடுத்த ரிவ்யூவில் அதே குழாய்க்கு 1,400 என்று காட்டினேன். எழுத வேண்டியது கே அல்லது ஜே. நுனியைச் சுற்றி இரண்டாம் படி உறுப்புகளை வட்டமாக அடுக்கி, நடுக்கணுவைக் கால்பங்கு தூரத்துக்கு நகர்த்துங்கள். ஜேவைப் பல வளையங்களில் எடுங்கள், முதல் வளையத்தை விட்டுவிடுங்கள், மற்றவை ஒத்துப்போக வேண்டும்.

எந்த சாப்ட்வேரிலும் செய்யக்கூடிய ஒரு சரிபார்ப்பு: அதே சுமையில் விரிசல் 2.00 மி.மீ.க்கு ஒருமுறை, 2.05 மி.மீ.க்கு ஒருமுறை ஓட்டுங்கள். மொத்தத் திரிபு ஆற்றலின் வித்தியாசத்தை, புதிதாகத் திறந்த பரப்பால் வகுத்தால் ஆற்றல் விடுவிப்பு வீதம். அதை யங் குணகத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கே. தளத்திரிபு நிலையில் (ஒரு திசையில் திரிபே இல்லாத நிலை) யங் குணகத்தை, ஒன்றிலிருந்து பாய்சான் விகிதத்தின் வர்க்கத்தைக் கழித்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். இதை முதலில் பதில் தெரிந்த விளிம்பு விரிசல் தட்டில் செய்து பார்த்துவிட்டுக் குழாய்க்கு வாருங்கள்.

டைனமிக் எக்ஸ்பிளிசிட், அதாவது மிகச் சிறு நேரப்படிகளில் அதிர்வையும் சேர்த்துக் கணக்கிடும் முறையின் பக்கம் போகாதீர்கள். 0.1 மி.மீ. உறுப்புக்கு நேரப்படி சுமார் 0.00000002 நொடி. ஒரு முழு அழுத்த அலைச்சுற்று 0.6 நொடி, மூன்று கோடிப் படிகள் வேண்டும். குழாய்ச் சுவரின் சொந்த அதிர்வு நொடிக்கு ஆயிரக்கணக்கில். இந்த அலை அதன் முன் மிக மெதுவானது, ஆகவே நிலைச்சுமையாகவே போடலாம்.

பிளாஸ்டிக் மாடல் சேர்த்தால் லேப் தந்த பொறியியல் தகைவை அப்படியே உள்ளிடாதீர்கள். அதை (1 + திரிபு) என்பதால் பெருக்கி உண்மைத் தகைவாக்குங்கள். திரிபு 20 சதவீதத்தில் 400 என்று இருப்பது 480 ஆகும். கழுத்து விழும் வரைதான் இந்தச் சூத்திரம் செல்லும்.

7. திரும்பத் திரும்ப மூடினால்

பாரிஸ் விதி: ஒரு சுற்றில் விரிசல் வளரும் தூரம் என்பது ஒரு மாறிலியை, கே வீச்சின் (அந்தச் சுற்றில் கே-யின் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம்) ஓர் அடுக்கால் பெருக்கியது. அந்த அடுக்கு எஃகுக்கு அநேகமாக 3. இங்கே அலகுதான் பொறி. கே-யை மெகாபாஸ்கல் ரூட் மீட்டரிலிருந்து ரூட் மில்லிமீட்டருக்கு மாற்ற 31.62-ஆல் பெருக்க வேண்டும். அடுக்கு 3 என்பதால் மாறிலியில் பிழை 31,600 மடங்காகும். ஆயுள் நூறு வருடமா, ஒரே நாளா என்பது இந்த ஒரு வரியில் மாறிவிடும். மாறிலியை எங்கிருந்து எடுத்தாலும் அதன் அலகையும் சேர்த்தே எழுதிவையுங்கள். ஒருமுறை வால்வை மூடினால் ஒரு சுற்று அல்ல, அடங்கும் வரை பல சுற்றுகள். அவற்றை ரெயின்ஃப்ளோ முறையில் (ஒழுங்கற்ற ஏற்ற இறக்கங்களைத் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்து எண்ணும் முறை) எண்ணுங்கள். விரிசல் பற்றவைத்த தையலருகே இருந்தால் எச்சத் தகைவும் சேரும், அங்கே இந்தக் கணக்கு குறைத்துக் காட்டும்.

8. செலவும் நாள்காட்டியும்

சாப்ட்வேருக்கு ஒரு ரூபாயும் ஆகாது. 16 ஜி.பி. ரேம் லேப்டாப் போதும். ஓபன்ஃபோமில் பத்து லட்சம் செல்லுக்கு ஒன்றிரண்டு ஜி.பி. என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்பிடெல் பாடங்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பணம் போவது குழாய், மெஷினிங், லேப் மூன்றுக்கும்தான். அதில் மெஷினிங் பில் லேப் பில்லை நெருங்கும் என்று எதிர்பாருங்கள்.

பத்து மாதத்தை நான் மறுபடி செலவிட்டால்: முதல் இரண்டு வாரம் கேள்வியும் கைக்கணக்கும். மூன்றாம் வாரம் குழாய் வாங்கி மூன்று லேப்களுக்கு மின்னஞ்சல். அவர்கள் பதிலும் மெஷினிங்கும் சோதனையும் சேர்ந்து இரண்டு மாதம் என்று வைத்து, அந்த இரண்டு மாதத்தில் எம்.ஓ.சி. புரோகிராமும் சரிபார்ப்பும். நாலாம், ஐந்தாம் மாதம் விளிம்பு விரிசல் தட்டு, பிறகு குழாய். ஆறாம், ஏழாம் மாதம் விரிசல் வளர்ச்சி. எட்டில் மூன்று மெஷ்களிலும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுவது. மிச்சம் எழுதுவதற்கு.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி ஃபோல்டர், பெயரில் தேதி, உள்ளே ஒரு சின்ன உரைக்கோப்பு: சாப்ட்வேர் பதிப்பு, மெஷ் அளவு, அலகுகள், எதை மாற்றினேன். வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஏழாம் பக்கத்துப் படம் எந்த மெஷ்ஷில் வந்தது என்பது. அந்த ஃபோல்டரைத் திறந்துதான் பதில் சொன்னேன்.